ஏரிக்கரையில் ஒரு நொண்டி நடை

முதலில் வந்து சேர்வது பெரிய முரசின் சத்தம்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி, தண்டவாளத்தைத் தாண்டி, மேட்டுச் சாலையில் ஏறும்போதே அது வயிற்றுக்குள் "தொம் தொம்" என்று விழத் தொடங்கிவிடும்; குழல்களும் எக்காளங்களும் ஏரி கண்ணில் பட்ட பிறகுதான் காதுக்கு வரும். அப்போது எனக்கு எட்டு வயது. இன்றைக்கும் எங்காவது பெரிய முரசு அதிர்ந்தால் எனக்கு நினைவுக்கு வருவது பாட்டல்ல, என் கையைப் பற்றியிருந்த சரசு அக்காவின் வியர்த்த உள்ளங்கை.

முப்பதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூர் ஏரித் தோட்டத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பேண்டு வாசிப்பார்கள். நடுவில் கூரை போட்ட பேண்டு மேடை, அதைச் சுற்றித் துரைமார்களுக்கும் துரைசாணிகளுக்கும் நாற்காலிகள், அதற்கப்பால் ஒரு கயிறு, கயிற்றுக்கு வெளியே புல்லும் சில மர பெஞ்சுகளும் நாங்களும். ஏரியில் மேகம் மிதக்கும். அங்சானா மரங்கள் பூக்கிற வாரத்தில் நடைபாதை முழுக்க மஞ்சள் கொட்டிக் கிடக்கும். அவ்வளவு அழகான இடத்தில் மூச்சு முட்டியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு முட்டியது. காலைக் கடிக்கும் சப்பாத்து, கழுத்தை அறுக்கும் லேஸ் கவுன், ஏரியை ஒரு தடவை சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும் பாதை. அதற்கு எங்கள் வீட்டில் "சுத்து" என்று பெயர். ஒரு சாயங்காலத்துக்கு மூன்று சுத்து.

"காத்து வாங்கப் போறோம்" என்றுதான் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்வாள். குவார்ட்டர்ஸில் அத்தனை பேருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். ஊர்ச் சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, இங்கே மாப்பிள்ளை வீட்டாரை வீட்டுக்கே வரவழைத்து, சொஜ்ஜி கொடுத்து, அவர்கள் வேண்டாமென்று போய்விட்டால் வரிசை வீடுகளில் தலைகாட்ட முடியாது. அதனால் எங்கள் ஆட்கள் பேண்டு மேடையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாட்டுக் கேட்க வந்தவர்கள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பெண் வீட்டார் காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி முன்னால் நடந்து போவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் இருப்பவர் மூலம் "ஜாதகம் ஒத்து வரலை" என்று ஒரு வார்த்தை வரும். என்ன குறை என்று சொல்வதும் கிடையாது, கேட்பதும் கிடையாது. மரியாதை அப்படி.

நடப்பதற்கும் ஒரு முறை இருந்தது. அப்பா முன்னால், அவர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி, கோட்டும் தலைப்பாகையுமாக நெஞ்சை நிமிர்த்திப் போவார். அடுத்து அம்மா. பத்தடி பின்னால் அக்காவும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும். அம்மா தப்பித்தவறியும் திரும்பிப் பார்க்கமாட்டாள். "பெத்தவ திரும்பித் திரும்பிப் பாத்தா, பொண்ணைக் காட்டத்தான் கூட்டியாந்திருக்கான்னு பச்சையா தெரிஞ்சிடும்" என்பாள். அந்தப் பத்தடி தூரத்தில்தான் சரசு அக்கா தன் வேலையைக் காட்டினாள்.

அக்காவுக்குப் பதினாறு வயது. கன்னிமாடப் பள்ளியில் கடைசி வகுப்பு. டிசம்பர் பரீட்சையில் தேறிவிட்டால் அங்கேயே பயிற்சி ஆசிரியையாகச் சேர்த்துக்கொள்வதாகக் கன்னியாஸ்திரி ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். "டிசம்பர் வரைக்கும் தாக்குப் பிடிச்சா போதும், பாப்பா. வேலை கிடைச்சிட்டா அப்பாவே என்னை அவசரப்படுத்தமாட்டார்" என்று அவள் விளக்கை அணைத்த பிறகு என் காதில் சொல்வாள். தாக்குப் பிடிக்க அவள் கண்டுபிடித்த வழி நொண்டுவது.

அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே பேண்டுதான். மார்ச் வாசித்தால் நொண்ட வராது, கால் தானாகச் சிப்பாய் மாதிரி போய்விடும். வால்ட்ஸ் வாசிக்கும்போது மூன்று தட்டு. இடது காலில் இரண்டு தட்டு நின்று, வலது காலை ஒரே தட்டில் எடுத்துவிட்டால் பிறவி நொண்டி தோற்றுப்போவான். மாப்பிள்ளை வீட்டு பெஞ்சு நெருங்கும்போது மார்ச் ஓடிக்கொண்டிருந்தால் அக்கா குனிந்து என் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுவாள், வால்ட்ஸ் வரும்வரை. என் வேலை அம்மாவின் கொண்டையைக் கவனிப்பது. கொண்டை அசைந்தால் கையை அமுக்க வேண்டும். அக்காவுக்குக் கூட்டாளி என்ற பெருமையில் எனக்கு அப்போது கால் தரையில் பாவவில்லை.

மூன்று வீட்டார் வந்து பார்த்தார்கள். மூன்று ஜாதகமும் ஒத்து வரவில்லை. அம்மா ஜோசியரை மாற்றினாள்.

நாலாவதாக வந்தவர்கள் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஓர் எஸ்டேட்டிலிருந்து. மாப்பிள்ளை அங்கே கிராணி. அவர் வரவில்லை, அவருடைய அத்தை மட்டும் வந்து பெஞ்சு முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் சுத்தில் அக்கா அழகாக நொண்டினாள். இரண்டாவது சுத்து தொடங்குமுன் அப்பாவைத் தெரிந்த யாரோ நிறுத்திப் பேச, அம்மாவும் அக்காவும் மரத்தடியில் நின்றார்கள். நான் உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே பெஞ்சுக்குப் போய்விட்டேன். அந்த அம்மாள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்துக் கொடுத்தார்.

"ஏம் பாப்பா, பாவம், ஒங்கக்காவுக்குக் காலு எப்ப இருந்து இப்படி நொண்டி?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பிறவியிலிருந்தே என்று சொல்லியிருந்தால் அக்கா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பாள். ஆனால் அந்தப் "பாவம்" என்னைச் சுட்டது. என் அக்காவைப் பார்த்து ஒருத்தி பாவம் என்பதா?

"எங்கக்கா ஒண்ணும் நொண்டி இல்ல! பள்ளிக்கூடத்துல ஓட்டப் பந்தயத்துல மொதப் பரிசு வாங்கினவ! பாட்டுக்குத் தகுந்த மாதிரி சும்மா நடக்கிறா!"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், மரத்தடியில் இரண்டு காலிலும் நேராக நின்றிருந்த அக்காவைப் பார்த்தார், பிறகு பெஞ்சே ஆடும்படி சிரித்தார். "அப்படியா சங்கதி? கெட்டிக்காரிதான். எஸ்டேட்ல குடும்பம் நடத்த இப்படி ஒருத்திதான் வேணும்" என்று எழுந்து நேராக அம்மாவிடம் போனார். அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வெளுத்ததும், அக்கா அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்ததும் இப்போதும் எனக்குக் கண்முன் நிற்கிறது. பெப்பர்மின்ட் வாயில் கரைந்துகொண்டிருந்தது. துப்பவும் தெரியவில்லை, விழுங்கவும் தெரியவில்லை.

வீட்டில் யாரும் அடிக்கவில்லை. "போதும் படிச்சது" என்று அப்பா சொன்னார், அவ்வளவுதான். திங்கட்கிழமை அக்காவின் புத்தகங்கள் மடித்த துணியில் கட்டப்பட்டுப் பரண்மேல் ஏறின. டிசம்பர் பரீட்சை நடந்த வாரத்தில் அவள் எஸ்டேட்டில் புகையடிக்கும் ஒரு சமையலறையில் இருந்தாள்.

அக்கா என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. பல வருஷம் கழித்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது, முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்டாள்: "மொதப் பரிசுன்னு எதுக்குடி சொன்ன? அது ரெண்டாவது பரிசுதான்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையைக் கொல்லைப்பக்கம் போய்த்தான் தீர்த்துக்கொண்டேன்.

எனக்குப் பதினைந்து வயதானபோது "காத்து வாங்க" என் முறை வந்தது. பாதை அதே பாதை, பேண்டும் அதே பேண்டு. டிசம்பர் வரை தள்ளிப்போட எனக்கும் ஒரு பரீட்சை இருந்தது. வால்ட்ஸ் தொடங்கியதும் என் இடது கால் தானாகவே தரையில் இரண்டு தட்டு நின்றது. "நேரா நடடி" என்று ஒரு குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அம்மா முறையை மாற்றியிருந்தாள். என்னை முன்னால் விட்டு, அவள் பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

போன மாதம், அக்காவின் கருமாதி முடிந்த மறுவாரம், தனியாக அந்த ஏரிக்குப் போனேன். பேண்டு மேடை நின்ற இடத்தில் புல்தான் இருக்கிறது. கயிறு இல்லை, பெஞ்சுகள் இல்லை. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. எவரோ புல்லில் வைத்திருந்த ரேடியோப் பெட்டியில் ஒரு மூன்று தட்டுப் பாட்டு ஓட, நான் அக்காவை நினைத்து இடது காலில் இரண்டு தட்டு நின்று, வலது காலை ஒரே தட்டில் எடுத்து, நன்றாக நொண்டி நடந்தேன். நாலடி போவதற்குள் பயந்து திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.