கழுவி வைத்த போத்தல்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் நெஞ்சைக் கீறி இருதய ஆபரேஷன் செய்து, மூன்றாம் வாரம் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள். கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதம். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீரகம் கொஞ்சம் சுணங்கியிருக்கிறது, போகிற நீரைத் தினமும் அளந்து எழுத வேண்டும் என்று அதில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

டாக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரியை மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட டிஸ்பென்சர் ஐயா, கோடு போட்ட கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கட்டிலுக்கடியில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

மறுநாள், தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் பெரிய கணக்கப்பிள்ளை நோயாளியைப் பார்க்க வருகிறார் என்றார்கள். லயத்து வரிசை வீட்டில் கிடக்கும் கூலிக்காரன் கட்டிலைத் தேடி அவர் வருவதென்றால் சும்மாவா! அவர் கண்ணில் மூத்திரப் போத்தல் படலாமா? காலையில் இருந்ததை வெளியே சாக்கடைக் கானில் ஊற்றி, சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். மத்தியானமும் அப்படியே. கணக்கப்பிள்ளை வந்து முகம் சுளிக்காமல் போனதும் என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் டிஸ்பென்சர் ஐயா குனிந்து போத்தலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரரோ மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

“காலையிலேருந்து ஒரு சொட்டுகூடப் போகலியா? கிட்னி நின்னுபோச்சு! லொறிய எடுங்கப்பா, கொழும்புக்குக் கொண்டுபோகணும்!” என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினார்.

வெளியே சோவென்று மழை. புண் ஆறாத நெஞ்சோடு அந்த வளைவுகளில் லொறியில் போனால் மனுஷன் என்னத்துக்கு ஆவார்? உண்மையைச் சொன்னால் சத்தம் கேட்டுக் கூடிய அத்தனை பேர் முன்னாலும் என் மானம் போகும். போனால் போகட்டும் என்று ஐயாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, ரெண்டு தரம் ஒண்ணுக்குப் போனாருங்க. நாந்தாங்க கான்ல ஊத்திக் கழுவிப்புட்டேன்.”

“அடிப் பாவி மகளே!” என்று நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆனாலும் என் வாய்வார்த்தையை நம்பி லொறியைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனமில்லை. “இன்னொரு தரம் போகட்டும். என் கண்ணால பாக்கணும்” என்றார்.

இவரை எழுப்பி உட்காரவைத்தோம். ஐயா, லொறி டிரைவர், நான், மூவரும் கட்டிலை மறைத்த திரைக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரம் ஓடியது.

“இத்தன பேரு காவல் நின்னா எப்பிடிங்க வரும்?” என்று உள்ளேயிருந்து இவர் முனகினார்.

கடைசியில் போத்தலில் சத்தம் கேட்டதே, அப்பாடா! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஐயா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எழுதிவிட்டு, டிரைவரை வீட்டுக்குப் போகச் சொன்னார். அதன் பிறகுதான் அந்தக் கடிதத்தை எனக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னார்.

பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கும் வரை இவர் நன்றாகவே இருந்தார். அசிங்கம் என்று நான் கானில் ஊற்றியதைத்தான், இவர் பிழைப்பாரா என்று பார்க்கக் கொழும்பு டாக்டர் அளக்கச் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கும்போது, இன்றும் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்கிறேன்.