ஆளில்லாத கார்களுக்கு ஆயில் பார்த்த கதை

ஊரில் இல்லாதவர்களின் கார்களை வாரம் ஒரு தடவை எழுப்பி, கொஞ்ச நேரம் உறும விட்டு, ஆயில் அளவு பார்த்து, மறுபடியும் உறை போட்டுத் தூங்க வைப்பதுதான் என் தொழில்.

இப்படியும் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் தென்காசிப் பக்கம் வந்து பார்க்கலாம். ஆசையாய்க் கார் வாங்கி, லீவு முடிந்ததும் அதை மூடிவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறியவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது பெண்கள். வாரா வாரம் ஓர் ஆண் மெக்கானிக் வந்து போவது அவர்களுக்கும் சங்கடம், அவனுக்கும் சங்கடம். நான் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். வண்டி ஓட்டத் தெரிந்தவளுக்கு வண்டியைப் பற்றியும் தெரியும் என்று அவர்களாகவே நம்பிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நீங்களும் நம்ம கட்சிதான். கூச்சப்படாமல் மேலே படியுங்கள்.

போனெட் திறந்த வைபவம்

முதல் வீடு ரஹ்மத்துடையது. அவள் கணவர் யூசுப் தம்மாமில் வேலை பார்க்கிறார். வீட்டில் ரஹ்மத்தும் அவள் மாமியாரும் மட்டும். கார் வாசலை ஒட்டி நின்றது. மாமியார் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தோதாக உட்கார்ந்துகொண்டார்.

போனெட் திறக்கும் லீவரை இழுத்தேன். பின்னால் பெட்ரோல் மூடி திறந்தது. அதை மூடிவிட்டு இன்னொன்றை இழுத்தேன். டிக்கி திறந்தது. வேண்டுமென்றே எல்லாவற்றையும் சோதிப்பவள் போல டிக்கிக்குள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒருவழியாகப் போனெட் திறந்து, மஞ்சள் வளையம் உள்ள ஆயில் குச்சியை உருவினேன். முதலில் உருவியதைத் துடைத்துவிட்டு, மறுபடி உள்ளே விட்டு எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். அது தெரியும். துடைக்கத் துணி வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது. குச்சி நுனியில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. அவசரத்தில் முந்தானையில் துடைத்துவிட்டேன்.

ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

"சேலையிலதான் துடைக்கணும்னா எங்க வீட்டுலயே ரெண்டு பொம்பளைங்க இருக்கோமே யம்மா."

சாய்ந்து நின்ற கார்

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் தெருவை விட வாசலை உயர்த்திக் கட்டுவார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. அதனால் கார் நிற்கிற இடம் சறுக்கலாக இருக்கும். முன் சக்கரம் மேலே, பின் சக்கரம் கீழே.

அப்படி நின்ற ஒரு காரில் ஆயில் பார்த்தேன். அதுவும் எப்படி? இன்ஜினை நன்றாக ஓட விட்டு, அணைத்த கையோடு குச்சியை உருவினேன். குச்சியின் அடிக்கோட்டுக்கும் கீழே ஆயில் நின்றது. துபாயில் இருந்த கார்க்காரருக்குப் போன் போட்டு, ஆயில் ரொம்பக் குறைந்துவிட்டது, இன்ஜினே போய்விடும் என்று பயமுறுத்தினேன். அவர் அங்கே வேலையை விட்டுவிட்டுக் கூகுளில் தேட, நான் இங்கே கடைக்கு ஓடி ஒரு டப்பா ஆயில் வாங்கி வந்து முழுவதையும் ஊற்றினேன்.

மறுநாள் சந்தேகம் வந்து, வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. ஓடின ஆயில் கீழே வடிந்து இறங்குவதற்கு நேரம் கொடுக்க வேண்டும், வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. ஆயில் குறைந்தால் மட்டுமில்லை, கூடினாலும் இன்ஜினுக்குக் கெடுதல். செங்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மாரியப்பன் வந்து, வண்டிக்கடியில் படுத்து, ஊற்றியதில் பெரும்பகுதியை வடித்து எடுத்தார். துபாய்க்காரர் வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்தார். மாரியப்பன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, அக்காவுக்குத்தான் கொஞ்சம் பதட்டம் கூடிப்போச்சு, அதையும் சேத்து வடிச்சுட்டேன்."

சிவப்பும் தேன் நிறமும்

பண்பொழியில் ஒரு ரிட்டயரான போலீஸ் எஸ்.ஐ. அண்ணாச்சி. மகன் கனடாவுக்குப் போகும்போது தன் பழைய ஆட்டோமேட்டிக் காரை அப்பாவிடம் விட்டுப் போயிருந்தான். அண்ணாச்சிக்கு அப்போதுதான் கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் என்னைக் கூப்பிட்டார்.

இந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியர் ஆயில் பார்க்கக் குச்சியே கிடையாது. பட்டறையில் வண்டியைத் தூக்கித்தான் பார்க்க முடியும். அந்தப் பழைய காரில் இரண்டு குச்சி இருந்தது. ஒன்று இன்ஜினுக்கு, மற்றது கியர் பாக்ஸுக்கு. கியர் ஆயிலை இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும் என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்ததாம். அந்த வரிக்கு நான் போகவில்லை. குச்சியில் குளிர்ந்த வண்டிக்கு ஒரு கோடு, சூடான வண்டிக்கு ஒரு கோடு. குளிர்ந்த வண்டியை வைத்துக்கொண்டு சூடான கோட்டைப் பார்த்து, "குறையுது அண்ணாச்சி" என்றேன். கையில் இருந்த இன்ஜின் ஆயில் டப்பாவைத் திறந்து, புனலையும் வைத்துவிட்டேன். ஆயில் என்றால் எல்லாம் ஆயில்தானே என்ற நினைப்பு.

அண்ணாச்சியின் மனைவி, நான் குச்சியைத் துடைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, உள்ள இருக்கது செக்கச் செவேல்னு இருக்கு. நீ ஊத்தப் போறது தேன் கணக்கால்லா இருக்கு?" என்றார்.

டப்பாவைக் கீழே வைத்தேன். மாரியப்பனுக்குப் போன் போட்டேன். "ஒரு சொட்டு விட்டுராதிய அக்கா. ரெண்டும் வேற வேற. கலந்தா கியர் பாக்ஸைக் கழட்டித்தான் ஆகணும்" என்றார். பிறகு வண்டியை மலையடிவாரம் வரை ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. ஊற்ற வேண்டிய தேவையே இல்லை. அண்ணாச்சி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சொன்னார்.

"சர்வீஸ் பூரா சந்தேகக் கேஸுங்களுக்குப் பின்னாலதான் அலைஞ்சேன், இனி உங்களுக்குப் பின்னாலயும் நிக்கணும்போலுக்கு."

சாரலில் புகை

இதற்குள் ரஹ்மத்துக்கு ஓர் ஆசை வந்திருந்தது. காரை எழுப்பித் தூங்க வைத்தால் போதுமா, தானே ஓட்டினால் என்ன? நான் முன்பு வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலிலேயே சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள். யூசுப்பிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த லீவுக்கு அவர் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கும்போது, தானே காரை ஓட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும் என்பது அவள் திட்டம். அதற்காக விடிந்ததும் குற்றாலம் வரை பழகப் போவோம். மாமியார் பின் சீட்டில் ஏறிக்கொள்வார்.

அன்று சீசன் நன்றாக இருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் ஆயில் ஊற்றியிருந்தேன். ஊற்றிவிட்டு மூடியைப் பேட்டரி மேல் வைத்தேன். வைத்தது வைத்ததுதான். மூடி போடாமலே போனெட்டைச் சாத்திவிட்டேன்.

ஐந்தருவி போகும் வழியிலேயே கருகிய வாடை. மாமியார், "யாரோ வடை போடுதாங்க" என்றார். அருவிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவதற்குள் போனெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை. குளிக்க வந்த கூட்டம் அருவியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. திறந்தால், இன்ஜின் முழுக்க ஆயில் தெறித்து வழிகிறது. நல்லவேளை, மூடி பேட்டரிக்குப் பக்கத்திலேயே சிக்கிக் கிடந்தது. ரஹ்மத் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி, "நான் என்னக்கா தப்பு பண்ணுனேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் ஒன்றும் பண்ணவில்லை என்று நான் சொன்னது அருவி இரைச்சலில் அவளுக்குக் கேட்கவே இல்லை. அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவர், இடுப்புத் துண்டோடு வந்து இன்ஜினை எட்டிப் பார்த்தார்.

"நாங்க மேலுக்குத்தான் தேய்ப்போம், நீங்க குடல் வரைக்கும் தேச்சுட்டியளே தாயி."

தம்மாமிலிருந்து வந்த கேள்வி

சிந்திய ஆயிலுக்குப் பதில் புது ஆயில் ஊற்ற வேண்டும். யூசுப்பிடம் சொல்ல வேண்டிய நிலை. நின்றுகொண்டிருக்கிற வண்டியில் ஆயில் எப்படிக் குறையும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வீடியோ காலில் வந்தார். குச்சியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு, "மீட்டரைக் கொஞ்சம் காட்டுங்கக்கா" என்றார்.

ரஹ்மத் கையில் போன். என் கையில் ஆயில் குச்சி. மாமியார் ஜன்னலில். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்தார். "நான் விட்டுட்டு வந்தப்ப இருந்த நம்பர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வண்டி எங்க போச்சு?" என்று கேட்டார்.

ரஹ்மத் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் ஓட்டினேன் தம்பி. பேட்டரி சார்ஜ் ஏறணும்ல, அதுக்காக."

"இவ்வளவு தூரமா?"

"ஆமா தம்பி."

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். போனில் அவர் என்ன கேட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்தாலும், மோட்டார் பழுதாகித் தண்ணீர் இல்லாவிட்டாலும், "இங்க எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிப் பழகிய வாய் இது. தூரத்தில் இருக்கும் ஆணிடம் உண்மை சொல்வது என்னவோ அவருக்குச் செய்யும் துரோகம் மாதிரி ஒரு பழக்கம். ரஹ்மத்தைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அந்த நிமிஷம் நினைத்தேன். யூசுப் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சரி" என்று வைத்துவிட்டார்.

நான் நன்றியை எதிர்பார்த்து ரஹ்மத்தைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. என்னை ஏறிட்டுப் பார்க்காமல்தான் பேசினாள்.

"வண்டி ஓட்டுனப்ப எனக்குத் தப்பு பண்ணுன மாதிரியே தெரியலக்கா, நீங்க பொய் சொன்ன பொறவுதான் அப்படி இருக்கு."

வேலை போன விதம்

அந்த வாரம் முழுக்க வேறு வீடுகளில் குச்சியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த வாக்கியம்தான். எத்தனையோ தடவை போனெட் முன்னால் கூனிக்குறுகி நின்றிருக்கிறேன். அதெல்லாம் தெரியாத்தனம். தெரியாததைக் கற்றுக்கொண்டால் கூச்சம் போய்விடும். இது அப்படிப் போகவில்லை. ரஹ்மத்துக்குப் போன் போட்டு, நானே யூசுப்பிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேண்டாங்கக்கா, நேத்தே நான் சொல்லிட்டேன்" என்றாள்.

மறுநாள் யூசுப்பே கூப்பிட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஓட்டினது தனக்குச் சந்தோஷம்தான் என்றார். நான் ஒருத்தி வீட்டுக்குள் வந்து போவதை நம்பித்தான் அங்கே நிம்மதியாக வேலை பார்த்ததாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். காது கொடுத்துக் கேட்டார். பிறகு மரியாதையாகவே முடித்தார்.

"இனிமே நீங்க வர வேண்டாங்கக்கா, ஆயில் அவளே பாத்துக்கிடுவா."

பெட்ரோல் பங்கில்

போன மாதம் தென்காசி பெட்ரோல் பங்கில் என் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட நின்றேன். பின்னால் வந்து நின்றது அந்தக் கார். ரஹ்மத் ஸ்டியரிங்கில், பக்கத்தில் மாமியார். இப்போது முன் சீட்டுக்கு வந்துவிட்டார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய்விடலாமா என்று யோசித்தேன். ரஹ்மத் அதற்குள் இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். யூசுப் வருகிறாராம், அழைத்து வரத் திருவனந்தபுரத்துக்குப் புளியரை வழியாகப் போகிறார்களாம். கிளம்பும் முன் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் பொறுத்து, ஆயில் பார்த்துவிட்டாளாம். சொல்லும்போது என் முகத்தை நேராகப் பார்த்தாள். எனக்குத்தான் அவளை நேராகப் பார்க்க இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும்போல.

மாமியார் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். ஏதோ சொல்லப் போகிறார், வாங்கிக்கொள்வோம் என்று பக்கத்தில் போய்க் குனிந்து நின்றேன்.

"உங்கள நிப்பாட்டுனதுல எனக்குத்தான் நட்டம், இவ ஒரு தப்பும் பண்ண மாட்டேங்கா, ஜன்னல்ல உக்காந்தா பொழுதே போகமாட்டேங்கு."

ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்ப்பது பத்து நிமிஷ வேலைதான். அதற்குப் பிறகு அந்த வீட்டாரின் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்கு இவ்வளவு காலம் ஆகிறது.