அக்கா தூக்கிய கை

என் அக்காவை ‘இடி’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மேடையில் அவள் அடித்தொண்டையிலிருந்து உறுமினால் முன்வரிசைக்காரன் ஓரடி பின்னால் போவான். பத்தொன்பது வருடமாக ஹெவி ராக் பாடுகிறாள். நான் அவளுக்குப் பின்னால் டிரம்ஸ். கூடப்பிறந்தவன் என்ற சலுகையெல்லாம் கிடையாது. தாளம் இம்மி பிசகினாலும் முதல் திட்டு எனக்குத்தான்.

அதே ஆள் பகலில் யாருக்கும் கேட்காத மாதிரி பேசுவாள். தொண்டையைச் சேமிக்கிறாளாம். வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். நாலு வருடத்துக்கு முன் வார்டில் நின்று ஜெயித்துக் கவுன்சிலராகவும் ஆனாள். இந்த வம்பு நமக்கெதற்கு என்று தலைகீழாக நின்று பார்த்தேன். கேட்டால்தானே!

சனிக்கிழமை காலையில் வீட்டு முன்னறையில் மனு வாங்குவாள். ஒரு நாள் ஒரு பஸ் டிரைவர் வந்தார். விடியற்காலை மூன்று மணிக்கே டிப்போவில் நிற்க வேண்டியவர், அதனால் மாலை ஏழுக்கே படுப்பவர். பக்கத்து ஷெட்டில் ஒரு கும்பல் ஒன்பது மணிவரை காட்டுக்கத்தல் கத்துகிறது, எட்டு மாதமாகக் கதவைத் தட்டியும் திறக்கவில்லை என்றார். போன வாரம் பஸ் ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டாராம்.

அந்தக் கும்பல் நாங்கள்தான். திமிரில் திறக்காமல் இருக்கவில்லை. ஒத்திகையில் எல்லோரும் காதை அடைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் செவிடாகிவிடுவோம். எங்கள் காதைக் காப்பாற்றிக்கொண்டு அந்த மனுஷனின் தூக்கத்தைத் தின்றிருக்கிறோம்.

அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “அங்க கத்துறது நான்தாங்க” என்றாள். இந்தக் குரலா என்று அவர் சிரித்துவிட்டார்.

அன்றே ஒத்திகையைத் தற்காலிகமாக நிறுத்தினோம். ஆனால் அந்தத் தெருவில் ராத்திரியிலும் ஓடும் வெல்டிங் பட்டறை ஒன்றும் இருந்தது. ஆறு மணிக்கு மேல் குடியிருப்புத் தெருவில் சத்தமே கூடாது என்று நாற்பது வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அக்கா அதை நகர்மன்றத்துக்குத் தீர்மானமாகவே கொண்டுபோனாள். எனக்கு வந்ததே கோபம்! எங்கள் ஐந்து பேருக்கும் வேலை முடிவதே ஆறுக்குத்தான். கட்டுப்படியாகிற ஷெட் அது ஒன்றுதான். இரண்டு மாதத்தில் முதல் ஆல்பம் பதிவு. ஊருக்குத்தான் உபதேசம் என்று இவள் இருந்திருக்கக் கூடாதா?

மன்றத்தில் மற்ற பன்னிரண்டு பேரும் ஆறுக்கு ஆறாகப் பிரிந்தார்கள். நான் பார்வையாளர் பெஞ்சில் இருந்தேன். சொந்த விவகாரம் உள்ளவர்கள் விரும்பினால் வெளியே போகலாம் என்றார் தலைவர். அவள் எழுந்து போனால் போதும், சமநிலையில் தீர்மானம் விழும், ஷெட் பிழைக்கும். ஒருத்தரும் குறை சொல்லவும் முடியாது.

அக்கா எழுந்து நின்றாள். “வெளிய போனா எனக்குத்தான் லாபம். அதனால உள்ளேயே இருக்கேன்” என்று சொல்லிக் கையைத் தூக்கினாள்.

மறுநாள் ஷெட்டைக் காலி செய்யும்போது அடக்க முடியாமல் கேட்டேன். “எங்களுக்காக ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதாக்கா?”

ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“என்னோடத விட்டுக்கொடுக்கலாம்டா. அவரு தூக்கத்த நான் எப்படி விட்டுக்கொடுக்கிறது?”

குனிந்து டிரம்மைக் கழற்ற ஆரம்பித்தேன்.