ஐந்து சேர்வரும் என் மேசை ஃபேனும்

யாழ்ப்பாண பஸ்களுக்கு ஆசனம் பதியும் ஒரு நிறுவனத்தில் நான் கணினி வேலை பார்த்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதி மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடி எங்கள் கந்தோர். கொழும்பில் ஐந்து கிளைகள், கிளைக்கொரு சேர்வர். எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்பது மற்ற நான்குக்கும் உடனே தெரிந்தாக வேண்டும். அந்தச் செய்தியை எப்படிப் பரப்புவது என்பதில் எனக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் சக பொறியியலாளர் பெண்ணுக்கும் இரண்டு கிழமையாக இழுபறி.

எல்லாச் சேர்வரும் வெள்ளவத்தைக்கு அறிவிக்கட்டும், வெள்ளவத்தை மற்றவற்றுக்குச் சொல்லட்டும் என்பது என் திட்டம். அவளுடைய திட்டத்தில் தலைமையே கிடையாது. ஒவ்வொரு சேர்வரும் சில விநாடிக்கு ஒருமுறை ஏதாவது இன்னொன்றைப் பிடித்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடும்.

"இது ஊர்வம்பு எல்லே?" என்றேன், முதலாளிக்கு முன்னால்.

"ஓம். இங்கிலிஷிலயும் அந்த முறைக்குக் 'கொசிப்' எண்டுதான் பேர்" என்றாள்.

முதலாளி சிரித்தார். "பிள்ளை, எனக்குத் தலைமைக் கந்தோர் எண்டு ஒண்டு வேணும். தம்பி சொல்லுறதையே செய்வம்."

ஒரு கிழமை நான் தரையில் நடக்கவில்லை.

என் திட்டம் ஓடத் தொடங்கியபின் ஒரு மத்தியான வெக்கையில், மேசைக்கடியில் கைவிட்டு ஏதோ ஒரு பிளக்கைக் கழற்றி என் ஃபேனைச் செருகினேன். நல்ல காற்று. பத்து நிமிடத்தில் எல்லாக் கிளைகளிலிருந்தும் போன். ஒவ்வொரு கிளையின் திரையும் மற்ற நான்கும் செத்துவிட்டதாகச் சொல்லியது. கொட்டாஞ்சேனைக் கிளை பதிவதை நிறுத்திவிட்டு, தலைமைக் கந்தோரில் கேளுங்கள் என்று வந்த சனத்தை எங்களிடம் அனுப்பிவிட்டது. ஒரு மணித்தியாலத்தில் படிக்கட்டு முழுக்கப் பயணப் பைகள்.

அவள் முழங்காலில் இருந்து, செத்துக் கிடந்த வெள்ளவத்தைச் சேர்வரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். என் ஃபேனில் வந்து நின்றாள்.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

"பிளக் லூசாயிருந்தது, சேர்." என்னைப் பார்க்கவேயில்லை.

அவளுடைய முறைக்கு மாறினோம். அதுவும் முதல் நாளே காலை வாரியது. தெமட்டகொடைக் கிளையின் சேர்வரை அணைத்துத் திரும்ப ஏற்றினோம். அது ஓடிக்கொண்டிருக்க, செத்துவிட்டது என்ற பழைய செய்தியையே மற்றவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தன.

"எது புதுச் செய்தியெண்டு அதுகளுக்கு விளங்கேல்லை" என்றாள் சலிப்போடு.

"ஒவ்வொரு முறை எழும்பேக்கையும் சேர்வர் தன்ர செய்தியில போடுற இலக்கத்தை ஒண்டு கூட்டட்டும். சின்ன இலக்கத்தோட வாற செய்தியை மற்றதுகள் எறியட்டும்" என்றேன்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"நீர் கேக்கேல்லையே."

நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு பிழை பிடித்தாள்.

சோதித்துப் பார்க்க முதலாளி தன் கையாலேயே வெள்ளவத்தைச் சேர்வரை அணைத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். சில விநாடிகளில் மற்ற நான்குக்கும் செய்தி போய்விட்டது. பதிவும் நிற்கவில்லை. ஒரு கிளையிலிருந்தும் போன் வரவில்லை. அவருடைய முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

"அப்ப நாங்கள் இல்லாட்டியும் எல்லாம் நடக்குமோ?"

"ஓம், சேர்" என்றோம் இரண்டு பேரும்.