பெயர் வெட்டுபவரின் திங்கட்கிழமை

மூன்று கொலைகளும் ஓர் ஐப்பசியில் நடந்தன. எண்பதுகளின் பிற்பகுதி. ஆண்டையும் தேதியையும் தெரிந்தேதான் விடுகிறேன். இறந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்த ரயில் பாதையை ஒட்டித்தான் குடியிருக்கிறார்கள். கிழமைகளைச் சொல்வதில் தவறில்லை.

முதல் கொலை காட்டாங்குளத்தூரில், புதன். ஒன்பது நாள் கழித்து, வெள்ளியன்று, பெருங்களத்தூரில் இரண்டாவது. அதிலிருந்து பத்தாம் நாள், திங்கட்கிழமை, கூடுவாஞ்சேரியில் ஒரு புது மனைப்பிரிவில் மூன்றாவது. பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே. மூவரும் வீட்டில் தனியாக இருந்த வயதானவர்கள். ஊர் ஊராகத் திரியும் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டு வருகிறான், சுத்தியலால் அடிக்கிறான், கிடைத்ததை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விடுகிறான் என்றது போலீஸ். அவ்வளவுதான், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிக்குள் உப்பு வண்டிக்காரர்கூட வர முடியாமல் போயிற்று.

அந்த வியாழன் காலை, மைத்துனியின் கல்யாண வேலைக்காக நான் விடுப்பில் இருந்தேன். தெருமுனையில் கூச்சல். போய்ப் பார்த்தால், எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பவரை மின்கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துவைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். நிலையான முகவரி கிடையாது. பையில் நான்கு உளிகள், ஒரு சிறு சுத்தியல். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"திங்கக்கிழமை எங்கடா இருந்தே?" என்றார் எங்கள் காலனிச் சங்கச் செயலாளர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.

"இங்கதான் சார், இதே காலனிலதான். அதோ அந்த சார் வூட்லதான் பாத்திரம் வெட்டிகினு இருந்தேன்." கை என்னைக் காட்டியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளர் முகத்தில் நிம்மதி. "அப்ப பிரச்சனையே இல்லை. சார் டைரியிலே குழாய்த் தண்ணி நின்ன நேரம்கூட இருக்கும்."

உண்மைதான். அன்றைக்கே பதினான்கு ஆண்டு நாட்குறிப்புகள் என்னிடம் இருந்தன. எடுத்து வந்தேன். அதற்குள் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார். திங்கட்கிழமைப் பக்கத்தில் மழையும் அலுவலகமும் மட்டும்தான் இருந்தன. செவ்வாய்ப் பக்கத்தில், என் கையெழுத்தில்: 'சீர்ப் பாத்திரங்கள் பெயர் வெட்டி ஆயிற்று.'

இன்ஸ்பெக்டர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். "செவ்வாக்கிழமை வந்திருக்கான். திங்கக்கிழமை இவன் எங்கேன்னு யாருக்கும் தெரியலை. ஜீப்ல ஏத்துய்யா."

"பாத்திரத்துல தேதி வெட்டிக்கீறேன் சார், பாருங்க!" என்று கத்தினார் அவர். அதுவும் உதவவில்லை. சீர்ப் பாத்திரத்தில் கல்யாணத் தேதியைத்தானே வெட்டுவார்கள்? எங்கள் வீட்டு நாற்பது பாத்திரங்களிலும் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையின் தேதிதான் இருந்தது.

அப்போது என் மனைவி முன்னால் வந்தாள்.

"சார், அவர் வந்தது திங்கக்கிழமைதான்."

"உங்க வீட்டுக்காரர் செவ்வாய்னு எழுதியிருக்காரேம்மா?"

"அவர் எழுதினா? அவர் ஆபீஸ் போயிட்டு எட்டு மணிக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் காலையிலேதான் மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தார். பார்த்த நாளை எழுதியிருக்கார்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. இன்ஸ்பெக்டர் அசையவில்லை. "ஞாபகத்தை வச்சு ஆளை விட முடியாதும்மா. மூணு கொலை."

"ஞாபகம் இல்லை சார், ராகு காலம். இந்த அண்ணன் காலையிலே ஏழரைக்கே வந்துட்டார். கல்யாணப் பாத்திரம், ராகு காலத்திலே உளி படக் கூடாதுன்னு ஒன்பது மணி வரைக்கும் கேட்டுக்கு வெளியிலே உட்கார வச்சேன். எதிர்வீட்டு அக்கா காபி கொடுத்தாங்க. வெட்டி முடிச்சுக் கிளம்பும்போது மத்தியானம் ரெண்டு மணி."

காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான்: திங்கள். செவ்வாய்க்கு அது பிற்பகல் மூன்று மணிக்கு. இதை அங்கிருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள், "ஆமா, நான்தான் காபி கொடுத்தேன். சர்க்கரை கம்மின்னுகூடச் சொன்னான்" என்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தேய்த்தார். பிறகு என்னிடம், "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"என் குறிப்பு தவறு. திங்கட்கிழமைதான்" என்றேன். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நான் எழுதியவற்றில் அந்த இரண்டு வரிகளைப் போல் உறுதியாக வேறெதையும் எழுதியதில்லை.

அவரை விட்டுவிட்டார்கள். செயலாளர், "மனசுல வச்சுக்காதேப்பா" என்றார்.

"மனசு கெடக்கட்டும் சார். நாளைக்கும் இதே சுத்தியை எடுத்துகினுதான் குரோம்பேட்டை, பல்லாவரம்னு போவணும். அங்க எந்தக்கா வந்து ராகு காலம் சொல்லும்? ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

சங்கத்தின் தாளில் எழுதத் தயக்கம் செயலாளருக்கு. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலை உருளும்." என் பெயரையும் வீட்டு எண்ணையும் போட்டு என் தாளிலேயே எழுதிக் கொடுத்தேன்.

உண்மையான ஆள் அடுத்த வாரம் சனிக்கிழமை செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பிடிபட்டான். வண்டலூரில் ஒரு பெண்மணி, தண்ணீர் கேட்டவனுக்குக் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே முகத்தைப் பார்த்துவைத்திருந்தார். மூன்று நாள் மஃப்டி போலீசாரோடு மின்சார ரயிலில் போய்வந்து, நடைமேடையில் அவரே அடையாளம் காட்டினார். அவன் பையில் கூடுவாஞ்சேரி வீட்டுக் கைக்கடிகாரம் இருந்தது. மறுநாள் செய்தித்தாளில் படம்: மழித்த முகம், பேண்ட்டுக்குள் செருகிய முழுக்கைச் சட்டை, பையில் பேனா. காலை ஏழு மணி வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக்கூடியவன்.

செவ்வாயன்று பெயர் வெட்டுபவர் வந்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான்காக மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

"நாலு எடத்துல காமிச்சேன் சார். ஒரு எடத்துல படிச்சுட்டு அடிச்சாங்க, மூணு எடத்துல அடிச்சுட்டுப் படிச்சாங்க." சிரித்தார். "படத்தைப் பாத்தீங்களா? அவன் வந்து கேட்டிருந்தா சேர் போட்டு குந்த வச்சிருப்பீங்க."

மனைவி உள்ளே போய் ஒரு புதுச் சொம்பை எடுத்து வந்தாள். "இதிலே என் பேரை மட்டும் வெட்டிக் கொடுங்க அண்ணா. நல்ல நேரம்தான்."

அவர் சொம்பைக் கையில் வாங்கினார். அடியைத் தட்டிப் பார்த்தார், நல்ல கனம் என்றார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இந்தத் தெருவுல வேணாங்கா."

செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். தெருவைத் தாண்டும்வரை 'பாத்திரத்துக்குப் பேர் வெட்றது' என்று குரல் கொடுக்கவில்லை.