ஏற்காட்டில் வெயில் விசாரித்த கதை

ஏற்காட்டில் தீப்பெட்டியை வெயிலில் காயவைக்கிறார்கள். வீடு பார்ப்பதற்காக வந்து தங்கிய விடுதியில், முதல் நாள் காலை நான் கண்ட காட்சி இது. விடுதிக்காரரின் மனைவி மதில்மேல் தலையணைகளை வரிசையாக வைத்தார். பிறகு பள்ளிக்கூட ஷூக்கள், ஒரு தோல் பெல்ட், கடைசியாகப் பாதி திறந்த தீப்பெட்டி. அப்பளமும் வடகமும் காயப் பார்த்தவள் நான். ‘தீப்பெட்டி காய்கிறது, காரணம் கேட்க வேண்டும்’ என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

தூத்துக்குடியிலிருந்து ஏற்காட்டுக்கு வருவதெல்லாம் ஒரு புலம்பெயர்வா என்று நீங்கள் சிரிக்கலாம். பாஸ்போர்ட் வேண்டாம், சேலத்தில் பஸ் மாறினால் மலை. பேசுவதும் தமிழ்தான். அந்தத் தைரியத்தில்தான் நானும் வந்தேன். இங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. என் கணவருக்கு வீசிங் தொந்தரவு. எங்கள் தெருவின் லாரித் தூசியிலும் புழுக்கத்திலும் அவர் ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்காருவார். ஊர் மாறிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். “ஆனா ஈரச் சுவர் இருக்கிற வீடு மட்டும் வேண்டாம். இப்போ இருக்கறதைவிட மோசமாயிடும்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனவே அவரை ஊரில் விட்டுவிட்டு, மே மாதத்தில் நான் முன்னதாக வந்தேன்.

எங்கள் ஊரில் வீடு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மதியம் மூன்று மணிக்குப் போக வேண்டும். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைக்க வேண்டும். சுட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் தெருத் தெருவாகச் சுவர்களைத் தொட்டுக்கொண்டு அலைந்ததைப் பார்த்து, ஒரு வீட்டுக்காரர் நாங்கள் சுண்ணாம்பு வியாபாரிகள் என்றே நினைத்துவிட்டார். வெயில் வராத, காற்று வருகிற வீடுதான் வீடு. இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, உடம்பிலேயே இருந்தது.

அந்த உடம்போடுதான் தலைச்சோலைப் பக்கம் முதல் வீட்டைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் ஆரோக்கியம், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு மஃப்ளர், அதுவும் மே மாதத்தில்.

“வெயில் எப்படிங்க?” என்றேன் கவலையோடு.

“காத்தால ஏறுச்சுன்னா பொழுது உழுகற வரைக்கும் ஊட்டுக்குள்ளயேதானுங்க கெடக்கும்” என்றார். பெண்ணுக்குப் போட்ட நகையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“காற்று?”

“ஒரு பொட்டுக் காத்து உள்ள வராதுங்க. நாங்க என்ன அப்படியா கட்டியிருக்கறோம்?”

ஒரு மனிதர் தன் வீட்டின் குறைகளை இவ்வளவு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கணவரிடம் போனில் விவரித்தபோது, “அடுப்புக்குள்ள குடியிருக்கவா மலை ஏறிப் போயிருக்க?” என்றார். செம்மநத்தம் போகிற வழியில் பார்த்த இன்னொரு வீட்டிலும் இதே பெருமை, இதே நன்றி.

மூன்றாவது வீடு ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்குப் பின்னால், சரிவில் இருந்தது. சொந்தக்காரர் ஜைனப் அக்கா. கணவரோடு மிளகும் காப்பித்தூளும் விற்கும் கடை வைத்திருப்பவர். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினார்.

“ஏனுங்க டீச்சர், முன்னமே சொல்லிப்போடறேன். இதுல வெயிலு படாதுங்க. மத்தியானமே லைட்டு போடோணும்.” பள்ளியில் வேலை என்றால் இங்கே எல்லோரும் டீச்சர்தான்.

“காற்று?”

“வருமுங்க. பனியும் கூடவே வரும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுவரைத் தொட்டேன். சில்லென்று, புதிதாக வெள்ளையடித்து, பால்போல் இருந்தது. “இப்படி ஒரு வீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்” என்றேன்.

ஜைனப் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஏதோ புரிந்ததுபோல் முகம் தெளிந்தது.

“எத்தன பெட்டுங்க போடுவீங்க?”

“ரெண்டு பெட்.”

“ரெண்டா? ரெண்டுல என்னங்க கெடைக்கும்?”

“எங்க ரெண்டு பேருக்கும் அது போதுங்க.”

“அப்ப விக்க மாட்டீங்களா?”

கட்டிலை ஏன் விற்க வேண்டும்? இந்த ஊரில் குடிவருகிறவர்கள் கட்டில் வியாபாரமும் செய்வார்களோ என்று நினைத்துச் சும்மா சிரித்துவைத்தேன். “வைக்கோலு வேணுமின்னா சொல்லுங்க, கீழ இருந்து கொண்டாரச் சொல்றேன்” என்றார். குளிருக்கு வைக்கோல் மெத்தை போலிருக்கிறது என்று அதற்கும் தலையாட்டினேன். அட்வான்ஸைக் கைப்பையிலிருந்து எடுத்தேன்.

“எங்க வீட்டுக்காரருக்கு வீசிங் இருக்கு. அவருக்காகத்தான் இவ்வளவு அலைச்சல்” என்றேன்.

நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். “அவரும் இங்கயா தங்குவாரு?”

“பின்னே எங்க தங்குவார்?”

“காளான் போடற ஊட்டுலயா?”

“காளானா?” என்று அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். “வெயிலு ஆகாது, காத்து வேணும், ஈரமா இருந்தா நொம்ப சந்தோசம். இதயெல்லாம் காளானுக்குத்தானுங்களே கேப்பாங்க?” காளான் வளர்க்க வைக்கோலை உருளையாகக் கட்டித் தொங்கவிடுவதற்குப் பெயர் பெட் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரை ஒதுக்கிக் காட்டினார். வெள்ளையடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. ஜூன் மழையில் இந்தச் சுவர் என்ன ஆகும், இதை ஒட்டிப் படுக்கிறவருடைய நெஞ்சு என்ன ஆகும் என்று நினைத்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ஏற்காட்டுக்கு வந்து முதன்முதலாக வேர்த்தது அப்போதுதான்.

“மூச்சுக்குச் சங்கடப்படற மனுசன இதுல வெச்சு வாடக வாங்குனா எனக்குத் தூக்கம் வருங்களா?” என்று ஜைனப் அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். சிறிது நேரத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.

விடுதிக்குத் திரும்பியதும் ஆரோக்கியம் அவர்களுக்குப் போன் செய்தேன். வேறு யாரும் அந்த வீட்டைப் பேசி முடித்திருக்கக் கூடாதே என்று மணி ஒலிக்க ஒலிக்க வேண்டிக்கொண்டேன்.

“ஓ, காளான் டீச்சருங்களா?” என்றார். செய்தி எனக்கு முன்பே மலை சுற்றியிருந்தது. “நம்ம ஊட்டுல வராதுங்களே. வெயில் அடிக்குமே.”

“காளான் இல்லைங்க, மனுஷர்தான். வெயில் அடிக்கட்டும்.”

“அதான பாத்தேன்” என்றார். “நாளைக்கே வாங்க.”

என் கணவர் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒண்டிக்கடையிலிருந்து தலைச்சோலை பஸ்ஸில் வந்து, இறங்குகிற இடத்திலிருந்து வீடுவரை உள்ள ஏற்றத்தை இப்போது நிற்காமல் ஏறுகிறார். ஏறும்போது காய்கறி விலையைப் பற்றிக் குறை சொல்கிறார். அந்தக் குறையை நடுவில் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகச் சொல்லி முடிக்கிறார். எனக்கு அது போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இன்னும் என்னைக் காளான் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இன்று காலை தங்கை தூத்துக்குடியிலிருந்து பேசினாள். இங்கே நாலு நாள் மூடுபனிக்குப் பிறகு வானம் வெளுத்திருந்தது. நான் நாற்காலியை வாசலில் போட்டு, கண்ணை மூடி, முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“அங்க எப்படிக்கா இருக்கு?” என்றாள்.

“நல்ல வெயில்” என்றேன்.

“ஐயோ பாவமே, அங்கயுமா?” என்றாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பிறகு, “ஆமாட்டி, என்ன செய்ய” என்று சொல்லிவிட்டு, நிழல் கால்மேல் ஏறுவதற்குள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.