எங்க ஊட்டு நாலு ஓட்டு

எனக்கு முதல் ஓட்டு வந்த வருஷம், கட்சிக்காரர் ஒருத்தர் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்தது நான்தான். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அண்ணாத்தே, ஊட்ல எத்தினி ஓட்டு கீது?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"மூணு இருந்துச்சு, இப்போ பொண்ணோடதும் சேர்ந்து நாலு. நாலும் நம்மளுக்குத்தான் நைனா." கேஸ் சிலிண்டர் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. "என் ஓட்ட எடுத்துக் குடுக்க நீ யாருப்பா?" என்று அந்த ஆள் முன்னாலேயே கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று அச்சடித்த நோட்டீஸை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டினார்.

"கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் இந்த ஊட்டு ஓட்டுதான் உன் ஓட்டு. வந்து இங்க அமுக்கிப் பழகு."

அண்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சமையலறைக்குப் போய் அம்மாவிடம் பொருமினேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உன்ன யாருடி வாயத் தொறக்கச் சொன்னது? சரின்னு தலையாட்டிட்டு, உள்ள போய் உன் இஷ்டத்துக்குப் போட வேண்டியதுதானே. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் அப்படித்தான் போட்டுகினு கீறேன்."

அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஓட்டுச்சாவடியில் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்ற நேரம் மட்டும்தான் அம்மாவுக்குச் சொந்தமாக இருந்திருக்கிறது.